மீண்டவர்கள் நடக்கும் தூரம்

என் சித்தி 31 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு சிட்லபாக்கத்து வீட்டில், மாலை வேளைகளில் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துக் குறள் சொல்லிக்கொடுப்பார். கட்டணம் இல்லை, ஆளுக்கொரு முறுக்கு உண்டு. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மாலை. ஒரு குறளின் முதலடியைச் சொன்னார். இரண்டாமடி வரவில்லை. பிள்ளைகள், தங்களைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஒரே குரலில் மீதியைச் சொல்லி முடித்தார்கள். சித்தியும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவர்கள் போனபின் அடுப்படியில் நின்றபடி என்னிடம் சொன்னார்: "சோதிக்கிறேன்னு நெனச்சுட்டாங்கடா. நல்லதாப் போச்சு."

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், தம்முடைய 66ஆம் வயதில், அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவை சிகிச்சை, எட்டுச் சுற்றுக் கீமோதெரபி, கதிர்வீச்சு, அதன்பின் தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை என்று எல்லாவற்றையும் முறையாக முடித்தார். நோய் திரும்பவில்லை. உறவினர் எல்லோரும் 'மீண்டுவிட்டார்' என்றார்கள். ஆனால் குரோம்பேட்டைக் கடைத்தெருவில் எதை வாங்க வந்தோம் என்று தெரியாமல் நிற்பதும், தினமும் பேசும் மனிதரின் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுவதும், செய்தித்தாளின் ஒரு பத்தியை மூன்று முறை படிப்பதும் 'மீண்ட' பிறகுதான் தொடங்கின. மறுபரிசோதனைக்குப் போனபோது தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். "வயசாச்சு இல்லையாம்மா, எல்லாருக்கும் வர்றதுதான்" என்று பதில் வந்தது. அந்த மருத்துவர் நல்லவர்; வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. ஏனென்றால் வீட்டில் நாங்களும் அதே பதிலைத்தான் சொன்னோம்.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது. அதைவிட எளிதாகச் சொல்லப்படும் இன்னொரு பதிலைப் பற்றியும்: "தினமும் கொஞ்சம் நடங்க, எல்லாம் சரியாயிடும்."

*

முதலில் 'வயசாச்சு' என்பதை எடுத்துக்கொள்வோம்.

கீமோதெரபிக்குப் பிறகு நினைவும் கவனமும் மங்குவதாக நோயாளிகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். அவர்களே அதற்கு 'கீமோ மூளை' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். மருத்துவம் அதை நெடுங்காலம் மனச்சோர்வின் கணக்கில் எழுதிவிட்டது. 2017இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 581 மார்பகப் புற்றுநோயாளிகளையும், அந்நோய் இல்லாத 364 பெண்களையும் ஒப்பிட்டது. சிகிச்சை முடிந்து ஆறு மாதங்களான பிறகும், நோயாளிகளில் 36.5 விழுக்காட்டினர் தங்கள் அறிதிறன் முன்பைவிடக் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். மற்றவர்களில் அப்படிச் சொன்னோர் 13.6 விழுக்காட்டினர். இரண்டு குழுவுக்கும் வயது ஒன்றுபோலத்தான் ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே வயதை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியல்ல.

முதியவர்களை மட்டுமே எடுத்துக்கொண்ட ஆய்வும் உண்டு. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜீன் மாண்டல்பிளாட் தலைமையிலான குழு, 60 வயதைத் தாண்டிய மார்பகப் புற்றுநோயாளிகளையும் அதே வயதுள்ள மற்றப் பெண்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2018இல் அவர்கள் வெளியிட்ட முடிவு நுட்பமானது. பெரும்பாலோருக்குப் பெரிய சரிவு இல்லை. ஆனால், அல்சைமர் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் ஏ.பி.ஓ.ஈ. 4 என்னும் மரபணு வகை உள்ளவர்கள் கீமோதெரபியும் பெற்றிருந்தால் அவர்களிடம் சரிவு தெரிந்தது. எல்லோரும் மங்கிவிடுவதில்லை, சிலர் மங்குகிறார்கள். அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிக்க ஒரே வழி, கேட்பதுதான். 'வயசாச்சு' என்னும் பதில் செய்யும் முதல் கேடு, அது கேள்வியை அடைத்துவிடுகிறது என்பதே.

இதற்கான காரணங்களும் ஒற்றையாக இல்லை. மருந்து உடலில் கிளப்பும் அழற்சி, ஹார்மோன் அளவு சட்டென்று வீழ்வது, தூக்கம் கெடுவது, இரத்தசோகை, அச்சம், மாதக்கணக்கில் படுத்தே கிடப்பது என்று பல இழைகள் ஒன்றாகப் பின்னிக்கொள்கின்றன. வயதான உடலில் இந்த இழைகளைப் பிரித்தெடுப்பது கடினம். கடினம் என்பதால் பிரிக்க முயலாமலே இருந்துவிடலாம் என்று ஆகிவிடாது.

*

இரண்டாவது பதிலுக்கு வருமுன், ஒரு ரயில் நிலையத்தில் இறங்க வேண்டியிருக்கிறது.

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் மின்சார ரயில் நிற்கும் இடத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். தினமும் ஏறி இறங்கும் எத்தனை பேர் அந்தப் பெயரின் பொருளை நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை. 1928இல் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து என்ற மருத்துவர் இங்கே காசநோயாளிகளுக்கான ஆரோக்கிய நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு முன் அவர் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் இதேபோன்ற நிலையமொன்றை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது அங்கேதான் சில காலம் தங்கியிருந்தார். தாம்பரத்து நிலையம் 1937இல் அரசின் கைக்கு வந்தது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

மருந்து இல்லாத அந்தக் காலத்தில் ஆரோக்கிய நிலையங்களின் கைவசம் இருந்தவை காற்று, வெயில், உணவு, ஓய்வு, பிறகு அளவிட்ட நடை. ஜெர்மனியில் பிரெமர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நோயாளிகளைச் சரிவுகளில் படிப்படியாக நடக்கவைத்தார். இங்கிலாந்தின் ஃபிரிம்லியில் மார்கஸ் பேட்டர்சன், 1905க்குப் பிந்தைய ஆண்டுகளில், நடையில் தொடங்கிக் கூடை சுமப்பது, மண் வெட்டுவது வரை படிகள் அமைத்து, ஒவ்வொரு படிக்கும் நோயாளியின் உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்த்து அடுத்த படிக்கு அனுப்பினார். உடல் அசைவை மருந்துபோல் அளந்து கொடுக்கலாம் என்னும் எண்ணம் புதியதல்ல. அதை ஒரு காலத்தில் நம்பிய ஒரு மருத்துவ மரபின் பெயர்ப்பலகையைத்தான் நாம் தினமும் ரயில் சன்னலில் பார்க்கிறோம்.

ஆனால் அந்த வரலாறு இரண்டு எச்சரிக்கைகளையும் வைத்திருக்கிறது. நடை காசநோயைக் குணப்படுத்தவில்லை. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் அதைத் தொடர்ந்த மருந்துகளும்தான் குணப்படுத்தின. இது முதலாவது. இரண்டாவது, நம் ஊரிலேயே நடந்தது. 1959இல் வெளியான சென்னை ஆய்வு, மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் வீட்டிலிருந்து சிகிச்சை பெறும் ஏழை நோயாளிகளும் ஆரோக்கிய நிலையத்தில் தங்கியவர்களுக்கு இணையாகவே குணமடைகிறார்கள் என்று காட்டியது. உலகம் காசநோய்க்கு வைத்தியம் செய்யும் முறையையே அது மாற்றியது. நெரிசலான குடித்தனங்கள்கூடச் சிகிச்சைக்குரிய இடங்கள்தாம் என்று நிரூபித்தது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் விஷயத்துக்குத் திரும்பலாம்.

*

நடந்தால் நினைவு திரும்புமா?

நேர்மையான பதில்: உறுதியாகச் சொல்ல இன்னும் போதிய சான்று இல்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய பன்னாட்டு வல்லுநர் குழு 2019இல் புற்றுநோய்க்குப் பிந்தைய உடற்பயிற்சி பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தது. களைப்பு, பதற்றம், மனச்சோர்வு, உடல் இயக்கம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் பயன் உண்டு என்பதற்கு வலுவான சான்று இருப்பதாகச் சொன்னது. வாரம் மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம் மூச்சு சற்று வாங்கும்படியான பயிற்சி, வாரம் இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்று அளவும் கொடுத்தது. அறிதிறனை மட்டும் 'சான்று போதவில்லை' என்ற பட்டியலில் வைத்தது.

அதன்பின் வந்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது 2022இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு. கீமோதெரபி முடிந்து சில ஆண்டுகளாகியும் நினைவுத் தொல்லைகள் தீராத 181 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். நினைவாற்றல் தேர்வில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் களைப்பு குறைந்ததாகவும், தங்கள் அறிவு முன்பைவிடத் தெளிவாக இயங்குவதாகவும் சொன்னார்கள். தொடக்கத்தில் மிகுந்த களைப்போடு இருந்தவர்களிடம் தேர்வு மதிப்பெண்களிலும் முன்னேற்றத்தின் அறிகுறி தெரிந்தது. 2018இல் அமெரிக்காவில் 87 பேரிடம் செய்யப்பட்ட 12 வார ஆய்வொன்றில் மூளை செய்திகளைக் கையாளும் வேகம் கூடியது. அதுவும் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாண்டுக்குள் இருந்தவர்களிடம். சிகிச்சைக்கு முன்பிருந்தே இயங்கிக்கொண்டிருந்தவர்கள் சிகிச்சைக்குப் பின்னும் தெளிவாக இருக்கிறார்கள் என்று 2021இல் ஒரு பெரிய ஆய்வு கண்டது. ஆனால் எது காரணம், எது விளைவு என்று அவ்வகை ஆய்வு அறுதியிட்டுச் சொல்லாது.

புற்றுநோய் இல்லாத முதியவர்களைப் பற்றி 2011இல் வந்த ஆய்வொன்று பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. 120 பேரில் பாதிப் பேர் ஓராண்டு நடந்தார்கள். நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதி அவர்களுக்கு 2 விழுக்காடு பெரிதானது. இதை வைத்துக்கொண்டு 'நடந்தால் மூளை வளரும்' என்று வாட்ஸப்பில் சுற்றவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது வேறு மக்கள், வேறு உடல்கள்.

என் நிலைப்பாடு இதுதான். நடை நினைவைத் திருப்பித் தரும் என்று ஒரு முதியவளிடம் வாக்குக் கொடுப்பது தவறு. மூன்று மாதம் நடந்தும் இரண்டாமடி வராதபோது, அந்தத் தோல்வியையும் அவள் தன் தலையிலேயே போட்டுக்கொள்வாள். 'நான் சரியாக நடக்கவில்லை போலிருக்கிறது' என்பாள். ஆனால் களைப்பு குறையும், தூக்கம் கூடும், மனம் இறுகாது, கால் தடுமாறாது என்பவற்றை நம்பிச் சொல்லலாம். களைப்பின் அடியில் புதைந்திருக்கும் நினைவு கொஞ்சம் மேலே வரவும் கூடும். இவ்வளவு போதாதா? மருந்துக்கடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் பல சத்து மாத்திரைகளுக்கு இந்த அளவு சான்றுகூட இல்லை.

*

சரி, நடக்கட்டும். எங்கே நடப்பது?

2024இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த கணக்குப்படி, இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் போதிய உடல் இயக்கம் இல்லாதவர்கள். ஆண்களில் அது 42 விழுக்காடு. இந்த இடைவெளியைச் சோம்பல் என்று படிப்பவர் நம் வீடுகளைப் பார்க்காதவர். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்ற கதைத் தலைப்பே நம் பெண்கள் பலர் வாழ்நாள் முழுவதும் நடந்த தூரத்தைச் சொல்லிவிடுகிறது. அந்த மூலையிலிருந்து தெருமுனைக்கு வர, காரணம் ஒன்று வேண்டும்: கோயில், காய்கறி, பேரனின் பள்ளி வேன். 'நான் நடக்கப் போகிறேன்' என்பது ஒரு காரணமாக அங்கீகாரம் பெறவில்லை.

"வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்ற வாதம் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வீட்டு வேலை உள்பட எந்த இயக்கமும் இல்லாததைவிட மேல் என்றுதான் சொல்கிறது. ஆனால் சிகிச்சை முடிந்து வந்த பெண், ஐந்து பேருக்குச் சமைத்துவிட்டு உட்கார்ந்தால் அது அவளைத் தேற்றும் பயிற்சி அல்ல. அவளுடைய கடைசித் துளி வலுவையும் உறிஞ்சும் உழைப்பு. அந்த அரைமணி நேர நடைக்கு வலு மிஞ்ச வேண்டுமானால் அடுப்படியில் வேறொருவர் நிற்க வேண்டும். இந்த விஷயத்தில் மருத்துவச் சீட்டை நோயாளியின் பெயருக்கு எழுதுவதைவிட, அவள் கணவர் பெயருக்கும் மகன் பெயருக்கும் எழுதுவது பொருத்தம்.

நேர்மாறான தடையும் உண்டு. அறுவை நடந்த பக்கத்துக் கையால் எதையும் தூக்காதே, குடத்தைத் தொடாதே, படியேறாதே என்று அன்பினால் கட்டிப்போடுவது. நிணநீர் தேங்கிக் கை வீங்கிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு பகுதியினரை முறையான மேற்பார்வையில் மெதுவாக எடை தூக்கப் பழக்கினார்கள். வீக்கம் அதிகமாகவில்லை, தொல்லைகள் குறையவே செய்தன. அடுத்த வீட்டுப் பாட்டியின் அறிவுரையை மறுக்கும் வலு ஒரு மருத்துவரின் சொல்லுக்கு மட்டுமே உண்டு. அதை அவர் சொல்ல வேண்டும். எலும்புத் தேய்வு, இதயப் பலவீனம், கால் மரத்துப்போதல் இருப்பவர்களுக்கு எதைச் செய்யக் கூடாது என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

பிறகு தெரு. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலைப் பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. பெயர் பெரிதானது. கிழக்கிலிருந்து மேற்கே ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க வேண்டிய எழுபது வயதுக் கால்களுக்கு அது இன்னும் ஆறுதான். உட்தெருக்களில் நடைபாதை என்பது இரு சக்கர வண்டிகள் நிறுத்துமிடம், மூடி பெயர்ந்த கால்வாய், உறங்கும் நாய். கீமோதெரபியால் பாதங்கள் மரத்துப்போன ஒருத்திக்கு அங்கே ஒவ்வொரு அடியும் கணக்கு. ஏரிகள் இருக்கின்றன. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடைபாதை உண்டு. சித்தி அங்கேதான் போகிறார். ஆனால் ஏரிக்கரைக்குப் போய்ச்சேரும் தெருவும் நடையின் பகுதிதான் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் எட்டு கிலோமீட்டர் என்பது ஏற்கெனவே நடக்கிறவர்களுக்கான தூரம். என் சித்திக்கு வேண்டியது 800 மீட்டர். 200 மீட்டருக்கு ஒரு பெஞ்சு, நிழல், பூட்டப்படாத ஒரு கழிப்பறை. ஹார்மோன் மாத்திரையும் வயதும் சேர்ந்த உடலுக்குக் கழிப்பறை ஆடம்பரமல்ல, அதுவே நடையின் எல்லைக்கோடு.

*

மார்பகப் புற்றுநோய் முற்றிய நிலையில் வந்துசேரும் பெண்கள் இத்தனை பேர் இருக்கும் நாட்டில், பிழைத்தவர்களின் ஞாபகமறதியைப் பற்றிப் பேசுவது சொகுசல்லவா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 2022இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டதாகப் பன்னாட்டு மதிப்பீடு. சீக்கிரம் கண்டுபிடிப்பதே முதல் வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோய்க்கென்று மருத்துவமனை வேண்டும் என்று சொன்னபோதும், சாகப்போகிறவர்களுக்கு எதற்கு இவ்வளவு என்ற மனப்போக்கோடுதான் போராட வேண்டியிருந்தது. 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் திறந்தது. பின்னர் அங்கே சேர்ந்த மருத்துவர் சாந்தா, 2021இல் மறையும் வரை அதையே தம் வாழ்க்கையாக்கிக்கொண்டார். அவர்கள் காப்பாற்றிய உயிர்களுக்கு மீதி வாழ்க்கை ஒன்று உண்டு. அதைப் பற்றிய கேள்விகள் அவர்கள் உழைப்பின் தொடர்ச்சியே.

கேட்பதும் பெரிதல்ல. மறுபரிசோதனைச் சீட்டில் இரண்டு வரிகள் கூடட்டும்: 'நினைவில், கவனத்தில் மாற்றம் உண்டா? வாரம் எத்தனை நாள் நடக்கிறீர்கள்?' முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் இரத்தசோகை, தைராய்டு, பி12, தூக்கம், மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்க்கட்டும். சரிசெய்யக்கூடிய காரணம் அங்கேயே இருக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவம் ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வருகிறது. சிகிச்சை முடித்த முதிய பெண்களை அந்தப் பட்டியலில் சேர்த்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து படிப்படியாக நடைக்குக் கொண்டுபோகலாம். வீடே சிகிச்சைக்குரிய இடம் என்று 1959இல் உலகுக்குச் சொன்ன ஊர் இது.

இலக்கியம் படிக்கிறவர்களாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'மீண்டவர்' என்ற சொல்லை யோசித்துப் பயன்படுத்துவோம். மீள்தல் முடிந்துபோன வினை அல்ல. போன இடத்திலிருந்து சிலவற்றை விட்டுவிட்டுத்தான் எவரும் மீள்கிறார்கள். எதை விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

சித்தி இப்போது வாரம் ஐந்து நாள் நடக்கிறார். தொடங்கியபோது தெருமுனை வரைக்கும்தான். இப்போது ஏரிக்கரையில் பாதித் தூரம். மூன்று மாதங்களுக்கு முன் பக்கத்துத் தெருவிலிருந்து இன்னொரு பெண்மணியும் சேர்ந்துகொண்டார்; அவருக்கும் இதே நோய், இதே மாத்திரை. பெயர்கள் இன்னமும் வழுக்குகின்றன. மதியத் தூக்கம் குறைந்து இரவுத் தூக்கம் கூடியிருக்கிறது. திண்ணை வகுப்பை நிறுத்தவில்லை. கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நடத்துகிறார். முன்பெல்லாம் புத்தகம் பார்ப்பதை அவமானமாக நினைத்தவர்.

போன வாரம் நானும் கூட நடந்தேன். வழியில் ஒரு மரத்தைக் காட்டி, "இது பேரு என்னடா?" என்றார். எனக்கும் தெரியவில்லை. "உனக்கு எந்த மருந்தும் கொடுக்கலையே" என்று சிரித்துவிட்டு, அடுத்த மரம் வரை வேகமாக நடந்தார்.